அப்பா தோற்க விரும்பிய வாதம்

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. அப்பா இல்லை என்பார், நான் உண்டு என்பேன். பொள்ளாச்சியை அடுத்த கோபாலபுரம் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற விவசாயி அவர். இளவயதில் பகுத்தறிவுக் கூட்டங்களில் கேட்டதையெல்லாம் இன்றுவரை கூர் மழுங்காமல் வைத்திருக்கிறார். நான் பாலக்காட்டில் தத்துவம் எம்.ஏ. படிக்கிறேன். வகுப்பில் ஒரு புது வாதம் கிடைத்தால் போதும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதே அதை அப்பாவிடம் எப்படி எடுத்துவிடுவது என்று மனசுக்குள் ஒத்திகை ஓடும்.

தீர்ப்புச் சொல்வது அம்மா. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், ஆனால் ஒருநாளும் என் பக்கம் தீர்ப்புச் சொன்னதில்லை. நீங்கள் சாமி கட்சியா அப்பா கட்சியா என்று ஒருமுறை பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"சாமி கோவிச்சுக்காது அம்முணி. உங்கப்பா கோவிச்சுக்குவாரல்லோ" என்றாள்.

இந்த வருஷம் அம்மா போய்விட்டாள். வயிற்றுவலி என்று ஆரம்பித்தது, புற்று என்று தெரிந்தபோதே முற்றியிருந்தது. கடைசி வாரங்களில் வலியில் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

காரியங்கள் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியபிறகு நானும் அப்பாவும் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் வாதத்தைத் தொடவே இல்லை. தொட்டால் முதல் கேள்வியே அம்மாவைப் பற்றித்தான் வரும். கருணையும் வல்லமையும் உள்ள ஒருவர் இருந்தால் அவளுக்கு ஏன் அத்தனை வலி? அதற்குப் புத்தகங்களில் பல பதில்கள் உண்டு. ஒன்றைக்கூட வாயில் எடுக்க முடியவில்லை.

ஒரு சாயங்காலம் எங்கள் முறைத் தண்ணீருக்காக வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தோம். அப்பாவே ஆரம்பித்தார்.

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்னு நீ ஒண்ணு சொல்லுவியே, அதைய இன்னொருக்கா சொல்லு கண்ணு."

சண்டைக்கு இழுக்கிறார் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. மடமடவென்று கொட்டினேன். வாய்க்காலுக்குத் தண்ணீர் ஆழியாறு அணையிலிருந்து வருகிறது, அணைக்கு மலையிலிருந்து, மலைக்கு மழையிலிருந்து. இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருக்க முடியாது, எங்காவது ஒரு தொடக்கம் இருந்தாக வேண்டும். அப்பா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். பிறகு, அந்தத் தொடக்கத்துக்கு மட்டும் காரணம் வேண்டாமா என்றார். வேறு சொல்லச் சொன்னார். உலகத்தின் ஒழுங்கைச் சொன்னேன். அதே ஒழுங்கில்தான் தென்னைக்கு வேர்வாடல் நோயும் வருகிறது என்றார். மனசாட்சியைச் சொன்னேன். அதுவும் நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் உடைத்துவிட்டு, "வேற?" என்று கேட்டபோது அவர் முகம் ஜெயித்தவர் முகமாக இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கு அவர் தோற்பதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறார். நாற்பது வருஷப் பழக்கம் அவரைத் தோற்கவிடவில்லை.

"செரி, ஆரம்பிச்சு வெச்சவன் ஒருத்தன் இருக்கறான்னே வெச்சுக்கலாம்" என்றார். "அணையில தண்ணி இருக்குதுங்கறே. கடைமடைக்கு வருதா? உங்கம்மா எங்கியாச்சும் இருக்கறாளா, அதைச் சொல்லு."

நான் படித்த எதிலும் அது இல்லை. முதற்காரணம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிற வாதங்கள் இருக்கின்றன. அங்கிருந்து, போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்த ஒருத்தியிடம் வந்து சேருகிற வாதம் எனக்குத் தெரிந்து எதுவுமில்லை.

"எனக்கு இருக்கறாங்கன்னுதானுங்கப்பா தோணுது" என்றேன்.

தோன்றுவதெல்லாம் ஆதாரமாகாது. அப்பா என்னை மடக்கியது பெரும்பாலும் அந்த ஒன்றைச் சொல்லித்தான். இப்போதும் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"செரி கண்ணு" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அவர் தோற்கவில்லை, எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. முதலில் கொஞ்சநாள், மறுபடியும் கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. இனிமேல் கேட்கமாட்டார் என்று தெரிந்தபோது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.