மச்சில் ஹீட்டர், கூரையில் அணை

கனடாவில் வீடு வாங்கியதிலிருந்து என் தங்கச்சி புருஷன் தரையைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். மட்டாஞ்சேரியில் எங்கள் சுக்குக் கடையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்தான். இப்போது வீடியோவில் வந்தால் முதலில் கூரையைக் காட்டுவார், அப்புறம் மூஞ்சியை. இரண்டில் கூரை கொஞ்சம் தேவலை.

அந்தப் பனிக்காலத்தில் வந்த வீடியோவில் கூரை விளிம்பு முழுக்க ஆலமர விழுது மாதிரி ஐஸ் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் ஆள் கை நீளம். சரியாக அதற்குக் கீழே நின்று, கல்யாண மண்டப வாசலில் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி கையை விரித்துக் காட்டினார் மச்சான்.

"பாத்தீங்களா? அங்க தோரணம் கட்டணும்னா ஆள் வைக்கணும். இங்க தானா கட்டிக்குது."

நாங்களும் வாயைப் பிளந்தோம். எங்களுக்குத் தெரிந்த ஐஸ் அயிலை மீன் மேல் கொட்டுகிற ஐஸ். அந்த அனுபவம் போதும், கனடா பற்றிக் கருத்துச் சொல்லலாம் என்று கடையில் சாயா குடிக்க வந்தவன் வரைக்கும் நம்பினான். என்னைக் கேட்கவே வேண்டாம். நான் ஸ்டூலில் ஏறினாலே இரண்டு பேர் பிடிக்க வேண்டும்; ஆனால் உலகத்தில் எந்தக் கூரையைப் பற்றியும் உட்கார்ந்த இடத்திலிருந்தே யோசனை சொல்வேன்.

அடுத்த வாரம் தங்கச்சி கூப்பிட்டாள். படுக்கையறைச் சுவரோரம், கூரைக்குக் கீழே, ஈரம் பூத்திருக்கிறது என்றாள். வெளியே மழை இல்லை, உறைபனி. அப்படியிருக்கத் தண்ணீர் எப்படி வரும்?

எங்களைப் பெற்ற அத்தா போனை வாங்கினார். ஈரம் என்றால் அவருக்கு ஒரே வைத்தியம். மழைக்காலத்தில் சுக்கு நமுத்தால், கிடங்கின் நடுவில் கரிச்சட்டி வைத்துக் கதவைச் சாத்துவோம். உள்ளே இருக்கிறவன் இருமத் தொடங்கினால் சரக்குக் காய்கிறது என்று பொருள். தலைமுறை தலைமுறையாக இதுதான் எங்கள் விஞ்ஞானம்.

"மாப்ளே, ஈரத்துக்கு மருந்து சூடு. மச்சுல சூடு காட்டு."

"அதான் மாமா நானும் நெனச்சேன்!" என்றார் மச்சான். நினைக்கிற பழக்கம் அவருக்கு எப்போது வந்ததோ.

"ஒண்ணு பத்தாது மச்சான், ரெண்டா வைங்க," என்றேன் நான். என் பங்குக்கு.

கூரைக்கும் அறைக்கும் நடுவிலிருந்த மச்சில் இரண்டு ஹீட்டர் ஏறின. சில நாளில் விழுதெல்லாம் தூணாகிவிட்டது. ஈரம் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வந்தது. "சூடு இன்னும் பத்தல," என்று தீர்ப்புச் சொன்னார் மச்சான். அத்தா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

ஆட்டாதது தங்கச்சி தலை ஒன்றுதான். அவள் வெளியே போய் நின்று பார்த்துவிட்டு எனக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, காரை நிறுத்துற கொட்டகை மேல பனி மெத்தை விரிச்ச மாதிரி அப்படியே இருக்கு. ஒரு விழுது கிடையாது. அங்க சூடே இல்ல. நம்ம வீட்டு மேல மட்டும் நடுக்கூரையில பனி கரைஞ்சு போயிருக்கு. கரைஞ்ச தண்ணி ஓரத்துக்கு வருது. ஓரத்துக்கு அடியில சூடு இல்லல்ல, அங்க வந்து உறைஞ்சு அணை கட்டுது. பின்னால வர்ற தண்ணி போக வழியில்லாம தேங்கி, கூரைத் தகட்டுக்கு அடியில புகுந்து உள்ள எறங்குது. நீங்க எல்லாரும் சேந்து அந்த அணைக்குத்தான் தண்ணி காட்டுறீங்க."

எனக்கு உடனே புரிந்தது. அதுதான் அவமானம். இடவப்பாதிப் பருவமழையில் எங்கள் ஓட்டுக்கூரை விளிம்பில் தண்ணீர் ஓடுகிற பாத்தியில் மாவிலை அடைத்தால் இதே கதைதான். தண்ணீர் எதிர்த்து ஏறி ஓட்டுக்கு அடியில் புகும். வருஷா வருஷம் வாளி வைத்துப் பிடிக்கிற எனக்கு இது தோன்றவில்லை.

அவள் ஹீட்டரை அணைத்தாள். மச்சானால் அதைத் தாங்க முடியவில்லை. பெண்டாட்டி கண்டுபிடித்துவிட்டாள்; இனி ஆண்பிள்ளை ஏதாவது உடைத்தாக வேண்டும். மறுநாள் சாயங்காலம் தங்கச்சி கூப்பிட்டாள்.

"அண்ணே, இவர் ஏணியும் கோடாலியும் எடுத்துட்டார். கீழ பூரா ஐஸ். விழுந்தா கழுத்து போயிடும். சொல்லுங்கண்ணே."

படத்தில் மச்சான், தலையில் குரங்குக் குல்லா, காலில் வழுக்குகிற ஷூ.

"மச்சான், எறங்குங்க."

"இன்னும் ஏறவே இல்லியே."

"அப்ப ஏறாதீங்க."

"மட்டாஞ்சேரி கிடங்குல பதினஞ்சு மூட்டை உசரம் ஏறினவன் நான்."

"அங்க கீழ விழுந்தா சுக்கு மேல விழுவீங்க!"

அத்தா போனைப் பிடுங்கினார். "மாப்ளே, எம் பொண்ண விதவையாக்கணும்னா வேற நல்ல வழி பாரு. கோடாலியைக் கீழ வை."

மச்சான் கேட்கவில்லை. ஏணியைத் தூக்கி ஐஸ் விளிம்பில் சாத்தினார். ஏணி ஒரு சாண் வழுக்கியது. அதன் தலை இடித்த இடத்தில் தூண் ஒன்று கழன்று, அன்று அவர் கையை விரித்து நின்ற அதே இடத்தில் விழுந்து நொறுங்கியது. அவர் பின்னால் தாவி, பனியில் உட்கார்ந்துவிட்டார்.

"காத்து," என்றார் கடைசியில். ஒரு கிளை அசையவில்லை.

தங்கச்சி ஏணியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டினாள். நீளக் கம்பில் பலகை பொருத்திய பனி வாரியை அவர் கையில் கொடுத்தாள். விழுதுக்கு நேர் கீழே நிற்காமல், தரையில் கால் ஊன்றி, ஒதுங்கி நின்று விளிம்புப் பனியை இழுத்துத் தள்ளச் சொன்னாள். மாடி இல்லாத தாழ்ந்த வீடு, கம்பு எட்டியது. பனி உருக்குகிற உப்பைப் பழைய நீளக் காலுறைகளில் திணித்துக் கட்டி, அதே கம்பு நுனியில் தூக்கி அணைக்குக் குறுக்கே கிடத்தினாள். உப்பு அரித்த இடத்தில் ஐஸ் உழவுச் சால் மாதிரி வழி விட்டது. தேங்கின தண்ணீர் வெளியே ஓடியது. வெயில் அடித்த பிறகு ஆளை வைத்து, மச்சுத் தரையில் சூடு கசிகிற இடுக்கையெல்லாம் அடைத்தாள்.

இப்போது வீடியோவில் கூரை வெறும் வெள்ளையாக இருக்கிறது. தோரணம் இல்லை. மச்சான் உயிரோடு, கொஞ்சம் குனிந்து, பக்கத்தில் நிற்கிறார். அத்தா அதைப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு என்னிடம் போனை நீட்டினார்.

"வீடு பழசாயிடுச்சு போல. அந்த அலங்காரமெல்லாம் போச்சே."

"ஹீட்டர் இன்னும் ரெண்டு வைக்கச் சொல்லவா அத்தா?" என்றேன்.

போனில் தங்கச்சி கேட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.