தோற்பதற்கும் வரி

இருபது வருடத்துக்கு மேலாக என் அண்ணனை நான் பார்த்துப் பேசிய ஒரே இடம் சென்னைக் குதிரைப் பந்தய மைதானம். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வரும், சில நாள்.

நாங்கள் நன்னிலம் பக்கம். அப்பா போன பிறகு, சென்னையில் ஃப்ளாட் வாங்க முன்பணம் போதாமல், நிலத்தில் என் பங்கைக் கேட்டேன். பெண்ணுக்கும் பங்கு உண்டென்று அப்போது சட்டம் வந்திருந்தது. கேட்டது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அண்ணன் கையில் ரொக்கம் கிடையாது. வாய்க்காலை ஒட்டிய ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நஞ்சையை விற்றுத்தான் கொடுத்தார். வாங்கியவர் அதில் ஒரு போகம்கூட விதைக்கவில்லை. மண்ணடித்து மேடாக்கி, மஞ்சள் கல் நட்டு, மனை போட்டுவிட்டார். அண்ணன் தன் வயலுக்குப் போக தினமும் அந்தக் கற்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பத்திர ஆபீஸில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும், “ஒனக்குச் சேர வேண்டியது சேந்துருச்சு. இனிமே ஒன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்” என்றார்.

“நானும் ஒங்க வாசல மிதிக்க மாட்டேன்” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் காவிரியில் தண்ணீர் வரவில்லை. குறுவையும் போய் சம்பாவும் போனதால், அண்ணன் சென்னைக்கு வந்து ஏதோ கட்டட வேலையில் சிமெண்டு மூட்டைக்குக் கணக்குப் பார்த்தார். கூட வேலை செய்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்கு அழைத்துப் போயிருக்கிறார். அடுத்த வருடம் தண்ணீர் வந்தது, அண்ணனும் ஊர் திரும்பினார். ஆனால் ரேஸ் விடவில்லை. சீசன் வந்தால் மாதம் இரண்டு முறை விடிகாலை பஸ்ஸைப் பிடித்து சென்னை வந்துவிடுவார்.

இது என் காதுக்கு வந்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. தங்கைக்குப் பங்கு கொடுக்க வலித்த கை குதிரைக்கு அள்ளிக் கொடுக்கிறதா? நாலு பேர் நடுவில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கிக்கொண்டு மைதானத்துக்குள் போனேன். ஓடப்போகும் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்தின் கம்பியருகே நின்றுகொண்டிருந்தார். முகம் கறுத்து, ஆள் பாதியாகியிருந்தார். கேட்க வந்ததை விட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

என்னைப் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று ஓடும் குதிரைகளின் விவரம் போட்ட ரேஸ் புத்தகத்தை என் பக்கம் நீட்டினார்.

“நாலாம் நம்பர் கால் வைக்கிறதப் பாரு. நேத்து மழ பேஞ்ச தரை. இதுதான் வழுக்காம ஓடும்.”

பத்து ரூபாய் கட்டினேன். நாலாம் நம்பர் ஜெயித்தது. நான் என்னை மறந்து கத்தினேன். சண்டை போட வந்தவள் கையில் இருபத்தாறு ரூபாயோடு வீடு திரும்பினேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணனுக்கு மாடு வாங்குகிற கண். சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல் குதிரைக்கும் பார்ப்பார். ஒருமுறை எல்லோரும் பணம் கட்டிய குதிரையைத் தோளில் கெட்ட சுழி இருக்கிறதென்று தள்ளிவிட்டார். அது ஜெயித்து, மற்ற குதிரைகளெல்லாம் வந்து சேருவதற்குள் மூச்சு வாங்கி முடித்துவிட்டது. “என்னண்ணே சுழி?” என்று கேட்டேன். “சுழி குதிரைக்கு ஒண்ணும் பண்ணாது. வச்சிருக்கவனுக்குத்தான் ஆவாது” என்று வெற்றிலையைத் துப்பினார். அவர் தோற்றதாக அவரே ஒப்புக்கொண்ட சரித்திரம் கிடையாது.

ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. குதிரையைத் தவிர வேறு பேச்சுக் கூடாது. “அண்ணி எப்படி இருக்காங்க?” என்று ஒருமுறை கேட்டதற்கு, கம்பிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், அன்று பூராவும் திரும்பவில்லை. ஆனால் அவருக்கும் சொல்லாமல் இருக்க முடியாதே. “இது நம்ம பெரியவன் மாதிரி, கடைசி நிமிஷத்துலதான் ஓடும். பாஸாயிட்டான் தெரியுமா, அந்த மாதிரி” என்பார் ஏதோ ஒரு சிவப்புக் குதிரையைக் காட்டி. அண்ணன் மகன் டிப்ளமோ முடித்தது எனக்கு அப்படித்தான் தெரியும். அவன் சிங்கப்பூர் போனதும் ஒரு குதிரை வழியாகத்தான் தெரிந்தது. நானும் பதிலுக்கு, “அந்தக் கறுப்புக்கு முட்டி வலி போல இருக்கு, எங்க வீட்டுக்காரர் நடக்கிற மாதிரியே நடக்குது” என்பேன். அடுத்த தடவை ஒரு தைல பாட்டிலை ரேஸ் புத்தகத்துக்குள் வைத்து நீட்டினார்.

இதற்கு நாங்கள் கொடுத்த விலை அதிகமில்லை. சின்னச் சின்ன டிக்கெட்டுகள், ஆளுக்கு நாலைந்து. சினிமாவுக்குப் போனாலும் அவ்வளவு ஆகும்.

பிறகு ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியது. பஸ் கட்டணம் ஏறியது. நுழைவு டிக்கெட், ரேஸ் புத்தகம், கம்பி ஓரத்து டீ, எல்லாம் ஏறின. வரி ஏற ஏற, கூட்டம் இறங்கியது. வழக்கமாக எங்கள் பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர், போனிலேயே கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது சுலபம் என்று வராமல் போனார். ஆள் குறைந்தால் சேருகிற பணம் குறையும், சேருகிற பணம் குறைந்தால் ஜெயித்தவனுக்கும் ஒன்றும் மிஞ்சாது. கடைசியில், ஜெயித்த பணத்துக்கு மட்டுமில்லை, கட்டுகிற பணத்துக்கே வரி என்று வந்தது.

“ஜெயிச்சா வரி வாங்கு, ஞாயம். தோக்குறதுக்கும் வரியா?” என்று அண்ணன் கவுண்ட்டரில் கேட்டார். உள்ளே இருந்த அம்மா பாவம், “நானா சார் போட்டேன்?” என்றாள். பின்னால் நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள். வரிசையிலேயே மொத்தம் நாங்கள் நாலு பேர்தான்.

அன்று அண்ணன் கட்டிய குதிரை முதலாவதாக வந்தது. டிக்கெட்டை மாற்றிவிட்டு வந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். வரியோடு கட்டியதைவிடக் குறைவாக இருந்தது. ஜெயித்த குதிரைக்கே இந்த கதி.

“நட்டு, அறுத்து, மூட்ட கட்டி, போட்ட காசு திரும்பாத பொழப்பு ஊர்லயே இருக்கு” என்றார். “அதுக்கு ஒரு பஸ் ஏறி இங்க வேற வரணுமா? போதும். இனிமே வரல.”

சூதாட்டம் ஒழிந்தது என்று சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் இவரை இனி எங்கே போய்ப் பார்ப்பேன்? “டிக்கெட்டுக்கு நான் போடறேண்ணே” என்று வாயெடுத்தேன். அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று தெரிந்ததால் விழுங்கிவிட்டேன்.

சொன்னதைக் காப்பாற்றுகிறவர், வரவில்லை. மூன்று ஞாயிறு நான் மட்டும் போய் அந்தக் கம்பியருகே நின்றேன். பணம் கட்டவில்லை. குதிரைகள் என் முன்னால் வளையத்தில் சுற்றிச் சுற்றி நடந்தன. ஒன்றைப் பற்றியும் எனக்குச் சொல்ல ஆளில்லை.

நாலாவது ஞாயிறு ரேஸ் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மைதானத்துக்குப் போகாமல் ஊருக்கு பஸ் ஏறினேன். வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள்தானே நான். வயலுக்கு வாசல் கிடையாது. மஞ்சள் கற்களைத் தாண்டி நேராக வயலுக்குப் போனேன். கற்களில் பெயிண்ட் போய்விட்டது, வீடு ஒன்றுகூட வரவில்லை, சீமைக்கருவைதான் மண்டிக்கிடந்தது. என்னால்தான் என்று ஒரு நிமிஷம் அங்கேயே நின்றேன்.

அண்ணன் பிடுங்கிய உளுந்துச் செடியைக் களத்தில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை ஆச்சரியத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. கை அப்படியே நின்றது. நான் ரேஸ் புத்தகத்தை நீட்டினேன்.

“மூணாவது ரேஸ் இன்னும் அரை மணியில. போன்ல காட்டுறான். பணம் கட்ட வேண்டாம், வரி கெடையாது. சொல்லுங்க, எது வரும்?”

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வேப்பமர நிழலில் உட்கார்ந்து, ஒரு கையகலப் போனில் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். அவர் சொன்ன குதிரை இரண்டாவதாகக்கூட வரவில்லை. போன் சின்னது, கால் சரியாகத் தெரியவில்லை என்றார். அடுத்த மூன்று ரேஸும் அங்கேயே பார்த்தோம். ஒன்றில் ஜெயித்தார். கட்டியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, வராத பணத்துக்காக அரசாங்கத்தைத் திட்டினார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்து புடவையில் ஒட்டிய உளுந்துச் சருகைத் தட்டினேன். அவர் எழவில்லை. புத்தகத்தின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அடுத்த ஞாயித்துக்கெழமையும் ரேஸ் இருக்குல்ல?” என்றார், என்னைப் பார்க்காமல்.

அன்றோடு சீசன் முடிந்தது. புத்தகத்தின் அட்டையிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

“இருக்குண்ணே” என்றேன். “வரேன்.”