காலியிடத்துக்குத் தோள் குடுத்த ஆரின்

சொல்லப் போறது நூத்துக்கு நூறு நிஜம். சரி சரி, அப்படி முறைக்காத ஹாலிஸ், கொஞ்சம் இழுத்துத்தான் விடுவேன். நீ பிடில்ல ஒரே மெட்ட அரை மணி நேரம் இழுக்கலையா? டாட்டி, நீயும் கேளு.

பனி தள்ளுற வண்டி ஓட்டுற நம்ம ஆரின் பெட்டிங்கில், உசரத்துல சர்ச் கோபுரம். அவரு தும்மினா மேகம் கலையும். அவரு சம்சாரம் லோயிஸ் அவரோட சட்டைப்பை உசரம்தான். ரெண்டு பேரும் கைகோத்துச் சுத்தினா, இந்த டவுன் ஹால் கூரையில கிடக்கற பனி பக்கத்து ஊர்ல போய் விழும்.

அவங்க பழகினதே இந்தத் தரையில, சனிக்கிழமை ஆட்டத்துல 'ஹே'ன்னு ஒரு சுத்து ஆடுறப்பதான். நாலு பேரு சடை பின்ற மாதிரி குறுக்க நெடுக்கப் போவாங்களே, கையத் தொடாம, தோள் மட்டும் உரசற மாதிரி. ஒவ்வொரு தடவ லோயிஸத் தாண்டுறப்பவும் ஆரின் ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாராம். ஒரு வாக்கியம் முடியறதுக்குள்ள வருஷமே போயிடுச்சாம். அந்த வாக்கியம் கல்யாணத்துலதான் போய் நின்னுச்சு.

போன பிப்ரவரியில லோயிஸ் தவறிட்டாங்க. ஆரின் இந்தப் பக்கமே தலைகாட்டல. ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை வந்து சுவரோரமா உக்காந்தாரு. மனசுல ஒண்ணே ஒண்ணுதான்: இன்னைக்கு ஒரு ஆட்டம் தாங்கிட்டா, இனி எப்பவும் வரலாம். தாங்கலன்னா இந்த ஹாலும் போச்சு.

ஆட்டம் சொல்லித் தர்ற பெவ் மேடையிலேருந்து இறங்கி வந்தாங்க.

"ஆரின், புதுசா வந்தவங்க ஆட்டு மந்தையாட்டம் முட்டிக்கிறாங்க. ஹே நீங்க காட்டினாத்தான் ஏறும்."

"காட்டறேன் பெவ். ஆனா லோயிஸ் இடத்துல யாரையும் நிறுத்தாத."

"சரி, பேய்க்கு விடுற மாதிரி விட்டுடலாம்." சொல்லிட்டு பெவ் நாக்கக் கடிச்சுக்கிட்டாங்க. ஆள் கொறஞ்சா, அந்த ஆளு இருக்கற மாதிரியே ஆடுறது நம்ம வழக்கம். அதுக்குப் பேரு பேய்.

ஆரின் சிரிச்சாரு. "லோயிஸ் காதுல விழுந்தா உன்ன உதைப்பா."

புதுசா வந்த கிரெட்சன், அவங்க வீட்டுக்காரர் மைலோ, ஆரின், ஒரு காலியிடம். இந்த நாலுதான்.

"வலது தோள், அப்புறம் இடது தோள். தரையப் பாக்காதீங்கம்மா, தரை எங்கயும் ஓடாது," ஆரின் கிரெட்சனுக்குக் காட்டினாரு.

"எனக்கு வலது எதுன்னே மறந்துபோச்சு சார்!"

"கவலப்படாதீங்க. வழி தெரியலன்னா எங்க காலியா இருக்கோ அங்க போயிடுங்க. அது உங்க இடமாத்தான் இருக்கும்."

பாட்டு ஆரம்பிச்சுது. ஆரின் அந்தக் காலியிடத்துக்குத் தோளச் சாய்ச்சு, மெதுவா ஏதோ ஒரு வார்த்தை சொன்னாரு. திரும்பினாரு. அடுத்த வார்த்தை சொன்னாரு. முகம் தெளிஞ்சுது. தாங்கிடலாம்னு நினைச்சாரு.

அப்பதான் கிரெட்சனுக்கு வழி தப்பிடுச்சு. சுத்திப் பாத்தாங்க. காலியா ஒரு இடம். நேரா அங்க போய், ஆரினுக்குத் தோளக் குடுத்தாங்க.

பாதி வார்த்தை வாயிலயே நின்னுது. ஆரின் அசையல. பின்னாடி வந்த மைலோ அவரு மேல மோதினாரு. பிடில் மட்டும் நிக்கல.

"நான் தப்பா ஆடிட்டேனா சார்?"

"இல்லம்மா. சொன்னபடிதான் ஆடினீங்க. ரொம்ப சரி."

ஹாலுக்குள்ள மட்டும் போடுற அந்த மெத்துனு இருக்கற ஷூவ மாத்தாமலே கதவத் திறந்து சேத்துல இறங்கிட்டாரு. அந்த ஷூவோட சேத்துல இறங்குற ஆளு திரும்ப ஆட வரமாட்டாரு. வரவும் இல்ல.

"அந்தப் பொண்ணு காதுல முன்னாடியே போட்டிருக்கணும்," டாட்டி மூக்க உறிஞ்சுனா.

"என்னத்தப் போடுறது? இது ஆடுற இடம். கல்லறை இல்ல," ஹாலிஸ் சொன்னான்.

"நீ பேசாத! மனுஷன் செத்துப்போய் நிக்கறாரு, நீ பிடில்லேருந்து வில்ல எடுக்கவே இல்லையே!"

"எடுத்திருந்தா அத்தன பேரும் அவரத்தான் பாத்திருப்பாங்க! அதுக்காகத்தான்டி வாசிச்சேன்!"

"யாரப் பாத்து 'டி'ன்ற?"

ஐயோ, காபிய ஊத்தாத டாட்டி, அவன் சட்டை வெள்ளை! ஹாலிஸ், நாற்காலியக் கீழ வைய்யா!