பாதுரி பாபுவின் வெள்ளைச் சுவர்

வடக்குக் கொல்கத்தாவின் அந்தச் சந்தில் சுதாமய் பாதுரிக்குச் சொந்தமாக முப்பதடி நீளச் சுவர் ஒன்று இருந்தது. சுவருக்குப் பின்னால் ஒரு வீடும் இருந்தது. அதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. மாடிப்படியில் மூன்றாவது படி ஆடியது, சமையலறை ஓடு ஒழுகியது, மனைவி கேதகி சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டாள். நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் அடுத்தவர் எல்லைக்கோடுகளைக் காபந்து செய்த மனிதர், ஓய்வு பெற்றதும் தன் எல்லையைக் காபந்து செய்யக் கிளம்பினார். அவருக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். கண்ணை மூடுவதற்குள் அந்தச் சுவரை வெறும் வெள்ளையாக, ஒரு எழுத்துக்கூட இல்லாமல், ஒரு வருடமாவது பார்த்துவிட வேண்டும்.

இதற்கு அவரிடம் ஒரு கொள்கையும் இருந்தது. எதிரே இருக்கும் கானாயின் டீக்கடையில் தினமும் அதை விளக்குவார்.

"மனுஷன் கெட்டவன் இல்ல கானாய். சுவருதான் அவனைக் கெடுக்குது. அழுக்குச் சுவரைப் பாத்தா எவனுக்கும் கை அரிக்கும். சுத்தமா வச்சுப் பாரு, ஒருத்தனும் தொட மாட்டான்."

"ரொம்பச் சரி அண்ணா" என்பான் கானாய். அதைக் கேட்டு உருகிப்போன வாடிக்கையாளர்கள், குடித்து முடித்த மண்குவளைகளைப் பாதுரியின் சுவரடியில் வீசிவிட்டுப் போவார்கள்.

கொள்கையை அவர் சும்மா பேசிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. முதலில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தார். அதுவரை அந்த இடம் அதற்குத் தோதானது என்று தெரியாமல் இருந்த வெளியூர்க்காரர்களும் அன்றிலிருந்து தெரிந்துகொண்டார்கள். அடுத்து, ஊர் வழக்கப்படி, சாமிப் படம் போட்ட ஓடுகளைப் பதித்தார். எல்லா மதத்துக்கும் ஒன்று. சிறுநீர் நின்றது. பத்தாம் நாள் யாரோ ஊதுபத்தி கொளுத்தினார்கள், இருபதாம் நாள் மாலை விழுந்தது, ஒரு மாதத்தில் திருவிழாக் கமிட்டி அமைப்பது பற்றிப் பேச நான்கு பேர் அவர் வீட்டுக் கதவையே தட்டினார்கள். ஓடுகளை அவர் பெயர்த்தெடுத்தார். மறுநாள் பழைய வாடிக்கையாளர்கள் நன்றியோடு திரும்பி வந்தார்கள்.

இதற்கெல்லாம் மேலே, ஆள் உயரத்துக்கு, கட்சிக்காரர்களின் எழுத்து. சுவரில் எழுத வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தைவிடப் பெரிய மரியாதை ஒன்றும் அந்தத் தெருவில் இருக்கிறது: ஒரு கட்சி எந்தச் சுவருக்கு முதலில் சுண்ணாம்பு அடிக்கிறதோ, அந்தச் சுவர் அந்தத் தேர்தல் முடியும்வரை அந்தக் கட்சியுடையது. மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆட்கள்கூட, மற்றவன் அடித்த வெள்ளையில் விரல் வைக்க மாட்டார்கள். அப்படி ஒரு நேர்மை.

இது பாதுரிக்குத் தெரியாததல்ல. பிறந்ததிலிருந்து அந்தச் சந்தில்தான் இருக்கிறார். ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. மாநகராட்சித் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சொந்தச் செலவில் ஆள் வைத்து, முப்பதடியையும் பளிச்சென்று வெள்ளை அடித்துவிட்டு, அன்றிரவு பச்சைக் குழந்தை மாதிரி தூங்கினார்.

காலையில், வாளியைச் சின்னமாகக் கொண்ட வாளிக் கட்சியின் பொட்லா வந்து நின்றான். கையில் தூரிகை, முகத்தில் குழப்பம்.

"காக்கு, இதை யார் பிடிச்சது?" அந்தத் தெருவில் ஐம்பதைத் தாண்டிய எல்லாரும் இளவட்டங்களுக்குச் சித்தப்பாதான்.

"யாரும் பிடிக்கலை. நான் அடிச்சேன்."

"பூட்டுக் கட்சிக்காகவா?"

"எனக்காகடா! என் சுவரு!"

பொட்லா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான். பிறகு பாதுரியைப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு மரியாதை உதித்தது. "ஓ... நீங்க நிக்கறீங்களா! சொல்லவே இல்லையே காக்கு!"

வேறு என்னதான் நினைப்பான்? தேர்தல் நேரத்தில் சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் வெள்ளை அடிப்பான் என்று படித்தவர்கள் நிறைந்த அந்தத் தெருவில் யார் நம்புவார்கள்? மதியத்துக்குள் 'பாதுரி பாபு சுயேச்சையாக நிற்கிறார்' என்ற செய்தி மீன் சந்தை வரை போய்த் திரும்பி வந்தது. திரும்பி வரும்போது அவர் சாக்கடைப் பிரச்சினையை எழுப்பப் போவதாகவும் சேர்ந்திருந்தது.

சாயங்காலம் பூட்டுக் கட்சியின் கோரா வந்தான். பொட்லாவையும் கூட்டி வந்தான். இருவரும் ஒன்றாக நடந்து வந்து ஆறு வருடம் ஆகிறது.

"காக்கு, நியாயமாப் பேசுவோம்" என்றான் கோரா. "நீங்க நின்னா இது வேட்பாளர் சுவரு, நாங்க தொட மாட்டோம். நிக்கலைன்னா இது அநாதைச் சுவரு. நானும் இவனும் ஆளுக்குப் பாதி."

"நிக்காமலும் எழுதாமலும் அப்படியே விட்டா என்னடா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது எப்படி காக்கு? சும்மா ஒரு சுவரா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

உள்ளே கேதகி கொதித்தாள். "அந்த மூணாவது படியைச் சரி பண்ண முடியலை, தேர்தல்ல நிக்கப் போறாராம்!"

"சுவருக்காக நிக்கறேன் கேதகி. எழுதாம இருக்கறதுக்காக."

"ஆமா, குளிக்காம இருக்கறதுக்காகக் கங்கையில குதிங்க."

கடைசி நாளில் மனுத் தாக்கல் செய்தார். கானாய்தான் முன்மொழிந்தான். சின்னமாகக் காலிஃப்ளவர் ஒதுக்கினார்கள். ஒரு வாரம் சுவர் வெள்ளையாக இருந்தது. பாதுரி தினமும் எதிர்ப்பக்கம் நின்று, டீ ஆறிப்போவது தெரியாமல் அதைப் பார்த்தார்.

எட்டாம் நாள் பொட்லா வந்தான். "காக்கு, தப்பா நினைக்காதீங்க. வேட்பாளர் சுவரு காலியா இருக்கே. டம்மின்னு கோரா சொல்றான். டம்மின்னா பாதி அவனுக்காம்." தன் தூரிகையையே நீட்டினான். "பேரை மட்டும் போடுங்க. சின்னதா. ஒரு மூலையில."

பாதுரி மூலையில் சின்னதாகப் போட்டார். முப்பதடிச் சுவரில் அது ஏதோ ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் பெரிதாக்கினார். பதிவேடுகளில் முப்பத்து நான்கு வருடம் பொடி எழுத்தாக ஓடிய கைக்கு, ஒரு முழ உயரத்தில் தன் பெயரைப் பார்ப்பது புதிதாக இருந்தது. மறுநாள் காலிஃப்ளவர் வரைந்தார். அது மூளை மாதிரி வந்துவிட்டது. அதன் கீழே 'காலிஃப்ளவர்' என்று எழுத வேண்டியதாயிற்று. நடந்து போகிறவர்கள் நின்று படித்தார்கள். வேலையிலிருந்த காலத்தில் அவர் எழுதிய எதையும் யாரும் நின்று படித்ததில்லை.

பிறகு சாக்கடை பற்றி நான்கு வரி, எதுகையோடு. வாளியைக் கிண்டல் செய்து ஒரு கார்ட்டூன், பூட்டைக் கிண்டல் செய்து இன்னொன்று. பத்து நாளில் முப்பதடியில் கட்டைவிரல் அளவு வெள்ளைகூட இல்லை. ஒரு காலை, பக்கத்து வீட்டு ஷிகதார் பாபு அலறிக்கொண்டு வந்தார்.

"பாதுரி! என் சுவத்துல உன் காலிஃப்ளவர் இலை வந்திருக்கு!"

"அழுக்கா வச்சிருந்தா கை அரிக்கத்தான் செய்யும் ஷிகதார்" என்றார் எல்லைக்கோட்டு மனிதர், தூரிகையை உதறியபடி. "உங்க சுவரை முதல்ல சுத்தமா வச்சுக்குங்க."

தேர்தல் நடந்தது. வாளி ஜெயித்தது. பாதுரிக்குப் பத்தொன்பது ஓட்டு. கேதகி யாருக்குப் போட்டாள் என்று அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள், வெற்றி மிதப்பில், பொட்லா நான்கு பேரோடும் பெரிய சுண்ணாம்புத் தொட்டியோடும் வந்து இறங்கினான். பின்னால் கோராவும் நின்றான்.

"காக்கு, எங்களால உங்களுக்கு ரொம்பச் சிரமம். நாங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டோம். முழுசா வெள்ளை அடிச்சுத் தர்றோம். அடுத்த தேர்தல் வரைக்கும் ஒருத்தன் தொட மாட்டான். உங்க ஆசைப்படி, வெறும் சுவரு. என்ன சொல்றீங்க?"

பாதுரி தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றார். கானாய் டீயை நீட்டினான். கேதகி ஜன்னலில் வந்து நின்றாள். அவர் மூலையிலிருந்து மூலைவரை நிதானமாகப் படித்தார், எதுகை வந்த இடத்தில் உதடு லேசாக அசைந்தது. டீயைக் குடித்து முடித்தார். மண்குவளையை, வேறு எங்கே போடுவது என்று யோசிக்காமலே, தன் சுவரடியில் வீசினார்.

"அந்தச் சாக்கடை வரியில ரெண்டு எழுத்து மங்கியிருக்கு பொட்லா" என்றார். "கறுப்புச் சாயம் ஏதாவது வச்சிருக்கியா?"