அக்காவின் பூச்சிப் பெட்டி

என் வீட்டுப் பால்கனியில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. தீபாவளி முறுக்கு முழுவதையும் போட்டு மூடிவைக்கலாம், அவ்வளவு பெரியது. மூடியின் நடுவில் ஒரு சதுரத்தை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் பழைய மாவுச் சல்லடையின் கம்பி வலையை வைத்துத் தைத்திருக்கிறது. ஒட்டவில்லை, தைத்திருக்கிறது. சூடு காட்டிய ஊசியால் சுற்றிலும் ஓட்டை போட்டு, சிவப்பு நூலால், ரவிக்கைக் கழுத்துக்குப் போடுகிற அதே நெருக்கமான தையல். உள்ளே முட்டை அட்டைகள், ஒரு கேரட் துண்டு, ஈரப் பஞ்சு, நூற்றுக்கு மேற்பட்ட சுவர்க்கோழிகள். புத்தகத்தில்தான் அது சுவர்க்கோழி. பினாங்கில் கடைக்காரர் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் செங்கெரிக். சுவரில் இலவசமாக ஓடுகிற பல்லி போதாதென்று என் கணவர் காசு கொடுத்துப் புள்ளி போட்ட பல்லி ஒன்றை வாங்கிவந்து கண்ணாடி வீட்டில் குடிவைத்திருக்கிறார். அதற்குத்தான் இந்தத் தீனி. ஆனால் பெட்டி பல்லிக்காகச் செய்ததல்ல. அதைத் தைத்தவர் ஒரு பூச்சியையும் கொல்வதில்லை என்று முருகனிடம் வாக்குக் கொடுத்தவர்.

நான் அக்கா என்று சொல்கிற அவர் என் உடன்பிறந்தவர் இல்லை. பல்கலைக்கழக அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்த புதிதில், கெலுகோரில் நான் அறை எடுத்துத் தங்கிய அடுக்குமாடி வீட்டின் சொந்தக்காரர். பிள்ளைகள் இல்லை, கணவனும் மனைவியும் மட்டும். நான் அங்கே வருவதற்கு முன்னால் நடந்த கதை இது: ஒருமுறை அவருடைய கணவர் மோட்டார் சைக்கிளோடு லாரியில் மோதி, பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் கிடந்தாராம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி அக்கா வேண்டிக்கொண்டாராம், இவர் எழுந்து நடந்தால் இனி மாமிசம் தொடமாட்டேன், என் கையால் எந்த உயிரையும் கொல்லமாட்டேன் என்று. அவர் எழுந்து நடந்தார். அக்காவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கொசு கடித்தால் ஊதிவிடுவார். சீனி டின்னில் எறும்பு ஏறினால் டின்னை வெயிலில் திறந்துவைத்துவிட்டு, எல்லா எறும்பும் இறங்கிப் போகும்வரை காப்பி போடாமல் காத்திருப்பார். எறும்புக்காக என் காப்பி தாமதமான காலைகள் எத்தனையோ.

அவர் கணவர் படுக்கையில் கிடந்த மாதங்களில் துணைக்கு வந்தது முராய் என்கிற பாட்டுப் பறவை. கறுத்த உடம்பு, செங்கல் நிற வயிறு, உடம்பைவிட நீளமான வால். பாட ஆரம்பித்தால் கீழ்வீட்டுக்காரர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். உயிரோடு துள்ளுகிற செங்கெரிக்தான் அதற்குப் பிடித்த சாப்பாடு. வாரத்துக்கு ஒரு பை கடையிலிருந்து வரும். அக்காவின் கணவர் பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பின்னங்காலைக் கிள்ளிக் கூண்டுக்குள் போடுவார். அந்த நேரத்தில் அக்கா உள்ளே போய் மிக்ஸியைப் போட்டுவிடுவார், அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

ஒரு நாள் அக்காவின் கணவருக்குச் சிங்கப்பூரில் இரண்டு வார வேலை வந்தது. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு வாரம்தான் தங்கச்சி. காலைல அஞ்சு, சாயங்காலம் அஞ்சு போட்டுடு. அவள இதுல இழுக்காத லா, பாவம்" என்றார். அவர் போன சில நாட்களில் நோய்த்தொற்று வந்து எல்லைகள் மூடப்பட்டன. இங்கே நாங்கள் வீட்டுக்குள், அங்கே அவர் ஆறு பேர் தங்கிய விடுதி அறைக்குள். இரண்டு வாரம் இரண்டு மாதமாகி, எப்போது முடியும் என்று கேட்பதையும் எல்லாரும் விட்டுவிட்டோம்.

தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் அழைப்பார். கல்யாணமாகிப் பல வருடமான அந்த இருவரும் பேசிக்கொள்வது இவ்வளவுதான். "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "ம். அவன் பாடறானா?" உடனே அக்கா போனைக் கூண்டுக்குப் பக்கத்தில் பிடிப்பார். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் வரும். ஒரு மாலை பாட்டு முடிந்த பிறகு அவர் சொன்னார்: "இங்க காலையா சாயங்காலமான்னே தெரியல. அவன் பாடினாதான் ஒரு நாள் போச்சுன்னு தெரியுது." அக்கா போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்படியில் நின்றார். "ஆஸ்பத்திரில கெடந்தப்ப இப்படித்தான்மா பேசினாரு. இனிமே என்ன இருக்குங்கற மாதிரி" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. அந்தப் பறவைக்கு ஏதாவது ஆனால் அங்கே அந்த மனிதரும் தாங்கமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது.

பையில் இருபது செங்கெரிக்தான் மிச்சம். அதுவரை வாரம் ஒரு பை எப்படியோ அனுப்பிக்கொண்டிருந்த கடையும் மூடிக் கிடந்தது. தவுக்கே என்று எல்லாரும் அழைக்கிற கடை முதலாளியை நான் போனில் பிடித்தேன். அவர் மலாயில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்: பத்தைப் பறவைக்குக் கொடு, பத்தை வைத்துக்கொள், ஈரமான தேங்காய்நார்த் தூளை ஒரு டப்பாவில் வை, முட்டை போடும். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். "வளக்கறது பாவம் இல்லல்ல? நான் வளக்கறேன். குடுக்கறது நீ." சாமியிடமே வழக்கறிஞர் வைத்துப் பேசுகிற மாதிரி இருந்தது. நான் சிரிக்கவில்லை, எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

முதலில் கொசுவலையை வைத்து மூடி செய்தார். பூச்சிகள் அதைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, பூஜை அறைக்குப் பின்னாலிருந்து கச்சேரி நடத்தின. அப்போதுதான் சல்லடையை உடைத்து இந்த மூடியைத் தைத்தார். மார்ஜரின் டப்பாவில் முட்டையிட்ட நார்த்தூளைப் போட்டுச் சூட்டுக்காகக் குளிர்சாதனப் பெட்டியின் மேலே வைத்தார். பன்னிரண்டு நாளோ என்னவோ கழித்து, எள்ளுக்குக் கால் முளைத்த மாதிரி டப்பா முழுக்க ஊர்ந்தன. அக்கா அன்று பாயசம் வைத்தார். தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து செத்துவிடக் கூடாதென்று பஞ்சை நனைத்துப் போடுவார். தோல் சீவிய கேரட், பூசணித் துண்டு, கோதுமைத் தவிடு என்று நேரத்துக்கு நேரம் கவனிப்பு. அவை வளரும்வரை பறவைக்குப் பாக்கெட்டில் வந்த கடைத்தீனிதான். வளர்ந்த பிறகும் வெள்ளிக்கிழமை மட்டும் பூச்சி கிடையாது, அரைமனதாக அது கொத்துகிற அதே தீனிதான். "அவனும் ஒரு நாள் சைவமா இருக்கட்டும்" என்பார். அந்தப் பாக்கெட்டின் பின்னால் மீன்தூள் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் கடைசிவரை சொல்லவில்லை.

பிறகுதான் அந்தத் தப்பு நடந்தது. தவிட்டில் பொடிப்பொடியாக உண்ணி மாதிரி ஏதோ ஊர்வதை அக்கா பார்த்தார். எங்கள் கட்டடத்துக்குக் கீழே, சின்னக் கோயிலை ஒட்டி ஒரு வேப்பமரம் உண்டு. ஒரு கொத்து ஒடித்துவந்து, கழுவித் துடைத்து, பெட்டிக்குள் பரப்பினார். அரிசி டின்னில், பருப்பு டின்னில், துணி அலமாரியில் வேப்பிலை போடுவது நம் வீடுகளில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே கை செய்கிற வேலை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நல்லதுதான் என்று நினைத்தேன். அரிசியில் பூச்சி வராமலிருக்கப் போடுகிற இலையைப் பூச்சிகளுக்கே படுக்கையாகப் போட்டிருக்கிறோம் என்பது அலுவலகத்தில் கோப்பு பார்க்கிற எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை.

பச்சை இலை கண்டதும் அவை ஆசையாகத் தின்றன. சில நாட்களில் தோலுரிக்க முடியாமல் திணற ஆரம்பித்தன. பாதி பழைய தோலுக்குள், பாதி வெளியே, அப்படியே காய்ந்துபோயின. ஒரு காலையில் அக்கா மூடியைத் திறந்தவர் மூடவேயில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். தவுக்கேக்கு நான் போன் செய்தபோது, என்ன இலை என்று கேட்டார். வேப்பிலையை மலாயில், "டாவுன் செமாம்பு" என்றேன். அது பூச்சி மருந்தாயிற்றே என்றார் பாவமாக. நான் அதை அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆனால் சொல்லிவிட்டேன். அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு எறும்ப நசுக்கினதில்ல. இத்தனையையும் இந்தக் கையாலயே கொன்னுட்டேன். சாமி எனக்கு என்ன சொல்லுதுன்னு தெரியலயேம்மா" என்றார்.

அதே நாட்களில் முராய் இறகு உதிர்க்க ஆரம்பித்துப் பாட்டை நிறுத்திவிட்டது. வால் உதிர்ந்து மொட்டையாக, கூண்டு மூலையில் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் முட்டை அவித்து மஞ்சள் கருவை உதிர்த்துப் போட்டேன். முகக்கவசத்தோடு கீழே இறங்கி, டீ வடிகட்டியால் புல்லில் வெட்டுக்கிளி பிடித்தேன். மேலிருந்து பார்த்தவர்களுக்கு எனக்கும் ஏதோ நோய் என்று தோன்றியிருக்கும். ஆனால் ஆறு மணிக்கு என்ன செய்வது? முதல் நாள், தூங்கிவிட்டான் என்று அக்கா சமாளித்தார். இரண்டாம் நாள் அந்தப் பக்கத்துக் குரல் இன்னும் இறங்கியிருந்தது. மூன்றாம் நாள், கணவர் தன் நண்பர்களுக்குக் காட்டுவதற்காக எப்போதோ பதிவுசெய்து அக்காவின் கைப்பேசியில் வைத்திருந்த பாட்டை அக்கா தேடியெடுத்து, என் கைப்பேசிக்கு அனுப்பி, ஆறு மணிக்கு அதை ஓடவிட்டுக் கூண்டுக்கு முன்னால் நிற்பதுபோல் நின்றார். கணவர் முழுவதும் கேட்டார். "நல்லா பாடறான்" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு மாதம் இப்படி அதே பாட்டு தினமும் ஓடியது.

குளிர்சாதனப் பெட்டியின் மேல் இன்னொரு முட்டை டப்பா இருந்தது. அதில் இலை விழவில்லை. அது பொரிந்த காலையில் அக்கா பாயசம் வைக்கவில்லை. எள்ளுக் கால்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தத் தடவ நானே குடுக்கறேன்" என்றார். வேண்டுதல் என்னாவது என்று நான் கேட்டேன். "நான் வேண்டிக்கிட்டது எனக்காகவா? அவரு நல்லாருக்கணும்னுதான. இப்ப அவரு நல்லாருக்கறது இதுல இருக்கு. முருகனுக்கு இது புரியலன்னா வேற யாருக்குப் புரியும்?" குரலில் வழக்கறிஞர் இல்லை. பூச்சிகள் வளர்ந்ததும் ஒரு காலை, நீளக் கரண்டியில் ஒன்றை ஏந்திக் கூண்டுவரை கொண்டுபோனார். காலைக் கிள்ளவில்லை, அது முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார். கரண்டியைச் சாய்ப்பதற்கு முன்னால் அந்தப் பூச்சியிடம் மெதுவாக, "போய்ட்டு வாப்பா" என்றார். அதன் பிறகு ஒவ்வொன்றுக்கும் அதைச் சொன்னார். காலை ஐந்து முறை, மாலை ஐந்து முறை. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

பறவைக்கு வால் மெல்ல முளைத்தது. ஒரு நாள் மாலை, ஆறு மணிக்கு முன்பாகவே, கரகரத்த குரலில் ஒரு பாதிப் பாட்டு வந்தது. பழகாத பிள்ளை படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. அக்கா கணவருக்கு அழைத்து, சாப்டியா என்றுகூடக் கேட்காமல் போனைக் கூண்டிடம் நீட்டினார். பாட்டு நின்றது. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "இதுதான் இன்னைக்குப் பாட்டு" என்றார் அவர். எங்களுக்கு அது விளங்கவில்லை.

எல்லை திறந்து அவர் வீடு வந்து சேர்ந்த அன்று, இளைத்துப்போய், பைகளை வாசலிலேயே போட்டுவிட்டு நேராகக் கூண்டுக்குத்தான் போனார். அதற்கப்புறம்தான் சொன்னார்: "ரெண்டு மாசம் பழைய பாட்ட போட்டு ஏமாத்துனீங்கல்ல? அதுக்கு நடுவுல என் இருமல் வருது. என் இருமல் எனக்குத் தெரியாதா?" அக்கா தோளில் கிடந்த துண்டால் அவரை அடித்தார். தெரிந்தும் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று நான்தான் கேட்டேன். "எனக்காக பொய் சொல்ல ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சது. அதுவே போதும்னு கேட்டுட்டு இருந்தேன்" என்றார். அக்கா மிக்ஸியைப் போடப் போய்விட்டார்.

இனிப் பிரிந்திருப்பதில்லை என்று இருவரும் முடிவுசெய்து, காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்பலாம் என்று எல்லையை ஒட்டிய ஜொகூருக்குக் குடிபோனார்கள். முராய் காடியின் முன்னிருக்கையில், அக்கா மடியில் போனது. இந்தப் பெட்டியையும் ஒரு முட்டை டப்பாவையும் அக்கா என் கையில் கொடுத்து, "வேப்பிலை மட்டும் போட்றாத" என்றார். நானும் கல்யாணமாகி டத்தோ கிராமாட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பூச்சிகளின் பேரன் பேத்திகள்தான் இப்போது பல்லிக்குப் போகின்றன. என் கணவர் பக்கத்தில் இல்லாதபோது நானும் ஒவ்வொன்றிடமும் போய்ட்டு வாப்பா என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

நேற்று மாலை ஆறு மணிக்கு அக்கா அழைத்தார். "பூச்சியெல்லாம் பாடுதா?" என்றார். பெட்டியின் மூடிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்தேன். சிவப்புத் தையலுக்குக் கீழே அவை கத்திக்கொண்டிருந்தன. அதைக் கேட்டோ என்னவோ, அந்த முனையில் முராய் பாட ஆரம்பித்தது. வயதாகிவிட்ட குரல், ஆனாலும் முழுப் பாட்டு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பாட்டின் நடுவில், அக்காவுக்குப் பக்கத்திலிருந்து, ஒருவர் இருமினார்.