நீர்க்காகம் துரத்திய பொய் மீன்

மாரி மழைக்கு முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கலங்கிக் கடலுக்கு ஓடும். அந்தக் கலங்கலோரம்தான் கொடுவா மீன் நிற்கும். கட்டாரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் மீனைத் தூண்டிலில் கட்டி, அன்று காலையும் அங்கே எறிந்துகொண்டிருந்தேன்.

பக்கத்தில் வீச்சுவலை வீசியவர் நீர்க்காகங்களை ஏசிக்கொண்டே நின்றார். "களவாணிகள்! வலையில பட்ட மீனையும் விடுகுதுகள் இல்ல."

திடீரென்று என் தூண்டில் வளைந்தது. கொடுவா என்று துள்ளினேன். மேலே வந்ததோ ஒரு நீர்க்காகம். என் பொய் மீனைத் துரத்தி வந்ததில் தூண்டில் முள் அதன் இறக்கையில் ஏறியிருந்தது. அது அடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்துப் பதறி, நூலை அறுத்துவிடக் கத்தியை எடுத்தேன்.

"அறுக்காதீங்க அண்ணே! நூலோட போனா கண்டல் மரத்து வேருக்குள்ள சிக்கிச் செத்திரும்."

வலையைக் கரையில் போட்டுவிட்டு அவர் தண்ணீரில் பாய்ந்தார். தலையில் கட்டியிருந்த துவாயால் அதன் தலையை மூடித் தூக்கிவந்தார். கொத்து வாங்கிய கையில் இரத்தம் வடிய, முள்ளை மெல்லக் கழற்றினார். மணலில் விட்டதும், இடுப்புப் பறியிலிருந்து ஒரு மீனை எடுத்து அதன் முன்னால் போட்டார். நாலடி ஓடிய நீர்க்காகம் திரும்பி வந்து, அதை விழுங்கிவிட்டுத்தான் பறந்தது.

"களவாணி எண்டு இப்பதானே ஏசினீங்க?" என்றேன்.

"ஓம், களவாணிதான். ஆனா இண்டைக்கு ஏமாந்தது அதுதானே."

இப்போதும் தூண்டில் எறிகிறேன். நீர்க்காகம் மூழ்கும் இடத்தில் மட்டும் எறிவதில்லை. அதை ஒருதரம் ஏமாற்றியது போதும்.