சோபாவின் இடது பக்கம்

கணேசமூர்த்தி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து கிடக்கிறார். வெளியே தெரிவது வேட்டியும் இரண்டு பாதங்களும்தான். மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் இருக்கும் அந்த மாடி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் முதலில் அந்தப் பாதங்களோடுதான் பேச வேண்டும். "உக்காருங்கோ. வலது பக்கமா உக்காருங்கோ" என்று கீழேயிருந்து குரல் வரும்.

வார நாட்களில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவர்தான் "சாரி" சொல்வார். அப்படிப்பட்டவருக்கு இந்தப் பித்து எப்படிப் பிடித்ததோ! அமெரிக்காவிலிருந்து வந்த மருமான் நிரஞ்சன், 'பாஸ் ஷேக்கர்' என்று இரண்டு இரும்பு வட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனான். அவை பாடாது, பேசாது. ஆம்ப்ளிஃபயரின் அடித்தொண்டைச் சத்தத்தை மட்டும் வாங்கி, மாட்டியிருக்கும் மரத்தை நடுங்க வைக்கும். படத்தில் குண்டு வெடித்தால் உட்கார்ந்திருப்பவர் முதுகுத்தண்டு வரை ஏறும்.

சோபாவைக் கவிழ்த்துச் சட்டத்தில் அவற்றைத் திருகிக் கொடுத்தவர் ராயப்பேட்டை அன்வர் பாஷா. சோபா வேலையில் பழுத்தவர். ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "இன்னா சார், நல்லா இருந்த சோபாக்கு குளுரு ஜொரம் வர வச்சிட்டீங்களே!"

வலது பக்கத்து வட்டு கணேசமூர்த்திக்கு. இடது பக்கத்தது அவர் மனைவி அபயாம்பாளுக்கு. அதனால்தான் விருந்தாளிகள் யாரும் இடது பக்கம் உட்காரக்கூடாது.

அபயாம்பாளோ, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து டிவி பார்ப்பது சமையலறை வாசலில், மணையைப் போட்டுக்கொண்டு. ஒரு கண் அவரைக்காயில், ஒரு கண் படத்தில், காது முழுக்கக் குக்கரில்.

"ஒரே ஒரு தடவை இங்க வந்து உக்காந்துதான் பாரேன், அபயம்."

"நான் அங்க வந்து உக்காந்துண்டா அடுப்பை யார் பாத்துப்பா? இங்கேர்ந்தே நன்னாத் தெரியறது."

தெரியும்தான். ஆனால் மணை நடுங்காதே! படத்தில் இடி இடிக்கும்போதெல்லாம் சோபாவின் இடது பக்கம் ஆளில்லாமல் தானாக நடுங்கிக்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க அவருக்கு மனசே ஆறாது. காராசேவுப் பொட்டலத்தைக்கூட வழியில் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து பாதி கொடுத்துவிட்டுத்தான் வாயில் போடுகிற மனிதர். தான் மட்டும் அனுபவிக்கிற சந்தோஷம் அவருக்குச் செரிப்பதில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, அபயாம்பாள் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து அன்வர் பாஷாவை மறுபடி வரவழைத்தார். இடது பக்கத்து வட்டைக் கழற்றி, மணைக்கு அடியில் மாட்டி, மணைக்கு ரப்பர் கால் வைக்கச் சொன்னார்.

"அம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்ப நான் வந்தேன்னு சொல்லிக்காதீங்க." வேலை முடிந்ததும் பாஷா பையைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று படியிறங்கிவிட்டார். ஒயரைச் சுவரோரமாக ஒளித்துவைத்தது கணேசமூர்த்தியின் கைவேலை.

"மணைக்கு எதுக்குன்னா கால்?" என்று கேட்டாள் அபயாம்பாள்.

"இடுப்பு வலிக்கறதுன்னியே. கொஞ்சம் ஒசரமா இருக்கட்டும்னுதான்." பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது சிவந்துவிட்டது.

மறுநாள் வாடகை சிடியில் ஒரு இங்கிலீஷ் படம். காட்டு யானைக் கூட்டம் மிரண்டு ஓடிவரும் இடம் வந்தது.

"ஏன்னா, பூமி அதிர்றது!" அபயாம்பாள் துள்ளி எழுந்தாள். அவரைக்காய் தரையெல்லாம் சிதறியது.

"பூமி இல்லை, மணைதான். உக்காரு அபயம், யானை போயிடப்போறது, உக்காரு!" கணேசமூர்த்தி கத்தியே விட்டார்.

மணையை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தாள். யானைகள் ஆற்றில் இறங்கின. சிதறாமல் மிஞ்சிய ஒரே அவரைக்காய் பாதி நாரோடு கையிலேயே நின்றது.

குக்கர் விசில் அடித்தது. கணேசமூர்த்திக்குப் பக்கென்றது. எழுந்துவிடுவாள், அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

இன்னொரு விசில். அபயாம்பாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவரைக்காய் பிடித்திருந்த கையை மட்டும் உயர்த்தி, அவருக்குச் சமையலறையைக் காட்டினாள்.